ஒன்பது பேர், ஒரே மூச்சு



பங்குத் திருவிழாவிற்கு இன்னும் இரண்டு மாதங்கள் இருந்த ஒரு மாலை. மாலைத் திருப்பலி முடிந்து, கள்ளிக்குப்பத்துச் சிறுவர்கள் கோயில் முற்றத்தில் பந்து விளையாடிக் கொண்டிருந்தார்கள். பங்கு இல்லத்துத் திண்ணையில் ஒரு பெரியவர் காத்திருந்தார். மடியில் நீளமான ஒரு கறுப்புப் பெட்டி. யார் என்று சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பலர் அவரைப் பார்த்தே வளர்ந்தவர்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நம் தேர்பவனியில் பாண்டு வாத்தியத்தின் முன்வரிசையில் நடந்து கிளாரினெட் வாசித்து வந்தவர்.

அவர் ஏன் வந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். இவ்வாண்டுத் தேர்பவனிக்குப் பாண்டு வாத்தியம் வேண்டாம், ஒலிபெருக்கி ஏற்றிய வண்டி ஒன்றே போதும் என்று திருவிழாக் குழு முடிவு செய்திருந்தது. முடிவின் கீழே கையொப்பமிட்டவன் நான். காரணங்கள் இல்லாமல் இல்லை. செலவு ஏறிவிட்டது. ஒரு காலத்தில் பன்னிருவராக நின்ற குழு இன்று ஐவராகச் சுருங்கிவிட்டது. அவர்களுடைய பிள்ளைகள் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முறைவேலைக்குப் போகிறார்கள், ஊதுவதற்கு ஆளில்லை. இளைஞர்களோ பதிவு செய்த பாட்டையே விரும்புகிறார்கள்.

கூலியைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறார் என்று எண்ணிக் கணக்கு நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டே வெளியே வந்தேன். அவர் கூலியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"சாமி, டாக்டர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனி அதிகம் ஊதக்கூடாது என்று சொல்லிவிட்டார். தேருக்கு முன்னால் வாசிக்கிறேனோ இல்லையோ, அது போகட்டும். மூச்சு கொஞ்சம் இருக்கும்போதே இரண்டு பிள்ளைகளுக்காவது சொல்லிக்கொடுத்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி முடிந்தபின் ஓர் அறை கொடுத்தால் போதும்" என்றார்.

"பார்ப்போம், ஐயா" என்றேன். பங்குத்தந்தையர் வாயில் 'பார்ப்போம்' என்னும் சொல் பெரும்பாலும் 'இல்லை' என்பதன் மரியாதையான வடிவம் என்பதை நீங்கள் அறிவீர்கள். அவரும் அறிவார். தலையசைத்துவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. குருமடத்தில் நான் படித்த நாட்களில், எங்களுக்கு இசை கற்பித்த தந்தை ஓர் ஒலிநாடாவை அடிக்கடி போட்டுக் காட்டுவார். வாத்தியங்கள் ஒன்பதே; அத்தனையும் ஊதும் கருவிகள். "குருவாகப் போகிறவன் மறையுரை கற்பதற்கு முன் இதைக் கேட்கக் கற்க வேண்டும்" என்பார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது அந்த வயதில் எங்களுக்கு விளங்கவில்லை. அன்றிரவு அந்த இசையைக் கைப்பேசியில் தேடிக் கண்டுபிடித்து, விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன். இம்மாதம் இந்தப் பக்கத்தில் அதைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன்.

அதை இயற்றியவர் சார்ல் குனோ என்னும் பிரெஞ்சுக்காரர். பெயர் புதிதாகத் தோன்றலாம். ஆனால் அவருடைய இசை உங்களுக்குப் புதிதன்று. திருமணத் திருப்பலிகளில் இலத்தீனில் பாடப்படும் 'ஆவே மரியா' நினைவிருக்கிறதா? செருமானிய இசைமேதை செபஸ்தியான் பாக் இயற்றியிருந்த ஒரு விசைப்பலகை இசையின்மேல் புதியதொரு இராகத்தைப் படரவிட்டு 1853-இல் குனோ வெளியிட்டார். 1859-இல் மங்கள வார்த்தைச் செபம் அதனோடு இணைந்தது. வத்திக்கான் நாட்டின் கீதமும் அவர் இயற்றிய இசையே. பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதரின் குருத்துவப் பொன்விழாவிற்காக அவர் எழுதிய அணிவகுப்பு இசை 1869 ஏப்ரலில் உரோமையில் முதன்முதல் ஒலித்தது. அன்று அதை வாசித்தவை பாப்பரசின் படைப்பிரிவுகளைச் சேர்ந்த பாண்டு வாத்தியங்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எண்பது ஆண்டுகளுக்குப் பின், 1949-இல், பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அதை அதிகாரபூர்வமான கீதமாக ஏற்றார்.

குனோ 1818 சூன் 17-ஆம் நாள் பாரிசில் பிறந்தார். தந்தை ஓவியர், மகனுக்கு ஐந்து வயது நிறையுமுன்னரே இறந்துபோனார். கைம்பெண்ணான தாய் பியானோ கற்றுக்கொடுத்து, அந்த வருமானத்தில் பிள்ளைகளை ஆளாக்கினார். மகனுக்கு முதல் ஆசிரியரும் அவரே. தையல் இயந்திரத்தை மிதித்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார்கள் நம் பங்கிலும் உண்டு. அவர்களுக்கு இது புரியும்.

1839-இல் பிரான்சு அரசின் உயர்ந்த இசைப் பரிசைப் பெற்று குனோ உரோமை சென்றார். சிஸ்டைன் சிற்றாலயத்தில் பலஸ்திரீனாவின் பழைய திருவழிபாட்டு இசையைக் கேட்டார். அது அவர் உள்ளத்தை ஆட்கொண்டது. திரும்பி வந்து, 1843-இல், பாரிசு அயல்நாட்டு மறைபரப்புச் சபையின் ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பவராகவும் பாடகர் குழுத் தலைவராகவும் பொறுப்பேற்றார். அந்தச் சபை நமக்கு அந்நியமானதன்று. 1776 முதல் புதுச்சேரி மறைப்பணித் தளத்தை ஏற்று நடத்தியவர்கள் அச்சபையின் குருக்களே. வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, சேலம், கோவை என்று நம் மூதாதையர் பலருக்குத் திருமுழுக்கு அளித்த கைகள் அவை. கப்பலேறிப் புறப்படும் இளங்குருக்களை வழியனுப்பும் சடங்கில் பாடுவதற்கென்றே ஒரு பிரியாவிடைப் பாடலுக்கு குனோ இசையமைத்திருக்கிறார். தாய்நாட்டை மீண்டும் காணோம் என்று தெரிந்தே கிளம்பியவர்களின் காதில் கடைசியாக ஒலித்த பாடல்களுள் அதுவும் ஒன்று.

அந்த ஆலயத்தில் குனோவுக்கு முதலில் வரவேற்பு கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாக், பலஸ்திரீனா ஆகியோரின் இசையை அவர் கொண்டுவந்தபோது, 'எங்களுக்குப் பழகிய பாட்டு எங்கே?' என்று மக்கள் முறையிட்டார்கள். வேலையை விட்டுவிடவும் அவர் துணிந்தார். பிறகே நிலைமை சீரானது. கோயில் பாட்டைப் பற்றிய சண்டை கள்ளிக்குப்பத்தில் பிறந்ததன்று. அதற்கு நீண்ட வரலாறு உண்டு! 1847-இல் குனோ குருவாக விரும்பிப் பாரிசு புனித சுல்பீசியார் குருமடத்தில் பாடங்கேட்கவும் தொடங்கினார். அடுத்த ஆண்டே தம் அழைத்தல் அதுவன்று எனத் தெளிந்து வெளியேறினார். பின்னர் அவர் எழுதிய புனித செசிலியா திருப்பலி இசையும் (1855), 'பவுஸ்ட்' இசை நாடகமும் (1859) ஐரோப்பா எங்கும் அவர் பெயரைக் கொண்டுசென்றன.

இனி, நான் கேட்ட படைப்புக்கு வருவோம். அதன் பெயர் 'சிறிய சிம்பொனி'. 1885-இல், அறுபத்தாறு வயதில், குனோ அதை எழுதினார். அதே ஆண்டில்தான் இறப்பையும் மறுவாழ்வையும் பொருளாகக் கொண்ட அவருடைய பெரிய திருஇசைப் படைப்பு ஒன்று, நூற்றுக்கணக்கான குரல்களுக்கென அமைந்தது, இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் அரங்கேறியது. அத்தகைய பெருங்கூட்டத்துக்கு எழுதிய அதே கை ஒன்பது பேருக்கும் எழுதியது.

அந்த ஒன்பது கருவிகள் எவை? புல்லாங்குழல் ஒன்று, ஓபோ இரண்டு, கிளாரினெட் இரண்டு, ஹார்ன் எனப்படும் வளைந்த பித்தளைக் கொம்பு இரண்டு, பசூன் எனப்படும் நெடிய அடிக்குரல் குழல் இரண்டு. நம் நாகசுரத்தின் நுனியில் சீவாளி இருக்கிறதல்லவா? நாணல் இனத் தட்டையைச் சீவி, இரண்டு இதழ்களாகப் பொருத்தியது. ஓபோவிலும் பசூனிலும் இருப்பது அதே வகை இரட்டை இதழ்தான். கிளாரினெட்டுக்கு ஒற்றை இதழ். தஞ்சை மாவட்டத்து நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாகசுரம் செய்கிறவர்களையும் (அந்த நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது), ஐரோப்பாவில் ஓபோ கடைகிறவர்களையும் ஒரே கூடத்தில் அமர்த்தினால், மொழி தெரியாவிட்டாலும் தொழில் புரிந்துகொள்வார்கள்.

இவ்வகைக் குழுக்கள் ஐரோப்பிய அரண்மனைகளில் பிறந்தவை. வியன்னாவில் பேரரசர் இரண்டாம் யோசேப்பு 1782-இல் இத்தகைய எண்மர் குழு ஒன்றை அமர்த்தினார்: ஓபோ, கிளாரினெட், ஹார்ன், பசூன், ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு. மொசார்ட் அவ்வகைக் குழுவுக்கு அருமையான படைப்புகளை எழுதினார். ஆனால் அவர்களுடைய அன்றாட வேலை என்ன? விருந்தின்போதும் தோட்டத்திலும் வாசிப்பது. பிரபுக்கள் உண்பார்கள், பேசுவார்கள். பின்னால் குழல் ஒலித்துக்கொண்டிருக்கும். யாரும் வாய்மூடிக் கேட்க வேண்டிய இசையாக அது பெரும்பாலும் கருதப்படவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரண்மனைகளின் செல்வாக்குத் தேய்ந்தது. நரம்புக் கருவிகளும் பியானோவும் கச்சேரி மண்டபங்களை ஆண்டன. ஊதுகிறவர்கள் பெரிய வாத்தியக் குழுக்களின் பின்வரிசைக்குப் போனார்கள். அல்லது தெருவில் அணிவகுப்புக்குப் போனார்கள். செக் நாட்டு துவோர்ஷாக் 1878-இலும், பதினேழு வயது இளைஞரான ரிச்சர்டு ஸ்ட்ராஸ் 1881-இலும் குழல்களுக்கென்று எழுதிய படைப்புகள் இக்காலத்தின் அரிய விதிவிலக்குகள்.

அந்த நிலையை மாற்ற முனைந்தவர் பால் தஃபனேல் என்னும் புல்லாங்குழல் கலைஞர். 1879-இல் பாரிசில், ஊதுகருவிகளுக்கான கூடத்து இசைச் சங்கம் ஒன்றை அவர் நிறுவினார். 'நாங்களும் முன்னால் அமர்ந்து வாசிப்போம். நீங்கள் அமைதியாகக் கேளுங்கள்' என்பதே அச்சங்கத்தின் உட்பொருள். கருவிகளும் அந்த நூற்றாண்டில் வளர்ந்திருந்தன. செருமானியரான பேம் என்பவர் குழலில் துளைகளை ஒலிக்கணக்குப்படி அமைத்து, விரல் எட்டாத துளைகளை மூடச் சாவிகளைப் பொருத்தினார். அம்முறை கிளாரினெட்டுக்கும் வந்தது. கொம்புக்குத் தடுக்கிதழ்கள் வந்தன. எந்தச் சுரத்தையும் சுத்தமாக ஊத முடிந்தது. தஃபனேலின் சங்கத்துக்காகவே குனோ 'சிறிய சிம்பொனி'யை எழுதினார். பழைய எண்மர் குழுவோடு ஒரு புல்லாங்குழலைச் சேர்த்தது தஃபனேலுக்குச் செய்த மரியாதை. 1885 ஏப்ரல் 30-ஆம் நாள் அது பாரிசில் முதன்முதல் வாசிக்கப்பட்டது. குனோ 1893-இல் மறைந்த பின்னரே அச்சேறியது.

ஏறத்தாழ இருபது நிமிட இசை; நான்கு பகுதிகள். முதற்பகுதி, கோயிலுக்குள் நுழைகிறவர் வாயிலில் சற்றே நிற்பதுபோல, மெதுவாகவும் கம்பீரமாகவும் தொடங்கிப் பிறகு மலர்ந்த முகத்தோடு நடைபோடுகிறது. மூன்றாம் பகுதி துள்ளல். காட்டில் வேட்டைக் கொம்பு ஒலிக்கும் சாயல். நான்காம் பகுதி பள்ளிவிட்ட பிள்ளைகளின் மகிழ்ச்சி. இரண்டாம் பகுதியைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அதில் புல்லாங்குழல் நீண்ட பாட்டொன்றைப் பாடுகிறது. மற்ற எண்மரும் அதைத் தாங்குகிறார்கள். ஓபோவும் கிளாரினெட்டும் தனியே பாடத் தெரியாதவையா? நன்றாகத் தெரியும். ஆயினும் அந்தச் சில நிமிடங்களுக்குத் தம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஒருவர் பாட இடங்கொடுக்கின்றன. ஹார்ன் ஒரே சுரத்தை நீளப் பிடித்து நிற்கிறது. அதைக் கேட்கிறவர் யாரும் ஹார்னைக் கவனிப்பதில்லை. ஆனால் அது நின்றுவிட்டால் பாட்டின் கீழே தரையே இல்லாமற்போகும்.

இன்னொன்று. வயலின் வாசிப்பவரின் வில் மூச்சுக்காகக் காத்திருப்பதில்லை. ஊதுகிறவரோ மனிதர், மூச்சு தீரும். ஆகவே இத்தகைய இசையை எழுதுகிறவர், ஒவ்வொருவரும் எங்கே மூச்சு வாங்குவார் என்பதை நினைவில் வைத்தே எழுத வேண்டும். ஒருவர் நிறுத்தும் இடத்தில் மற்றவர் தொடர்வார். இருவர் இருவராக அமைந்திருப்பதால் ஒருவர் மூச்சு வாங்கும்போது இணையாளர் ஒலியைக் காப்பார். கோல் பிடித்து நடத்துகிறவர் இத்தகைய சிறு குழுக்களில் பொதுவாக இல்லை. பிறகு எப்படி ஒன்றாகத் தொடங்குகிறார்கள்? ஒருவர் மூச்சை உள்ளே இழுப்பதை மற்றவர்கள் பார்க்கிறார்கள், தாங்களும் இழுக்கிறார்கள். முதற்சுரம் ஒலிக்குமுன்னரே அவர்கள் மூச்சால் ஒன்றாகிவிடுகிறார்கள். நல்ல ஒலிப்பதிவுகளில் அந்த மூச்சு நம் காதிலும் விழும். குருமடத்துத் தந்தை எங்களைக் கேட்கச் சொன்னது அதைத்தான் போலும். இருட்டில் படுத்தபடி அந்த மூச்சைக் கேட்டபோது, 'மூச்சு கொஞ்சம் இருக்கும்போதே' என்று திண்ணையில் சொன்னவரின் முகம் என் முன்னால் வந்து நின்றது.

நிற்க. கோயிலுக்கும் ஊதுகருவிக்கும் உள்ள உறவைப் பற்றி நம்மிடையே ஓர் ஐயம் உண்டு. 'பாண்டு வாத்தியம் கோயிலுக்கு ஏற்றதா?' என்று குழுக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதே. பாப்பரசர் புனித பத்தாம் பத்திநாதர் 1903 நவம்பர் 22-ஆம் நாள், இசையின் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாளன்று, திருஇசை பற்றிய ஆணை ஒன்றை வெளியிட்டார். ஆலயத்தினுள் பியானோவும் பேரிகை, தாளம் போன்ற இரைச்சலான கருவிகளும் கூடா. பாண்டு வாத்தியம் அறவே கூடாது. ஊதுகருவிகளை ஆயரின் இசைவோடு, எண்ணிக்கையில் குறைவாக, ஆர்கனுக்கு ஒத்த கண்ணியமான நடையில் மட்டுமே அனுமதிக்கலாம் என்பது அதன் சாரம். ஆனால் ஆலயத்துக்கு வெளியே நிகழும் பவனிகளில், உலகியல் பாட்டுகளை வாசிக்காதவரை, ஆயர் பாண்டு வாத்தியத்துக்கு இசைவு தரலாம் என்றும் அவ்வாணை கூறிற்று. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு கதவை இன்னும் அகலத் திறந்தது. திருவழிபாட்டுக்குத் தகுதியாகவோ தகுதியாக்கக் கூடியதாகவோ உள்ள மற்றக் கருவிகளையும் உரிய அதிகாரத்தின் இசைவோடு ஏற்கலாம். மறைபரப்பு நாடுகளில் அவ்வம் மக்களின் இசை மரபை மதிக்க வேண்டும் என்று அது அறிவுறுத்தியது.

இதற்கு ஓர் அழகிய முன்னுதாரணமும் உண்டு. ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் புதிய பேராலயம் எழும்பிக்கொண்டிருந்த காலம். ஆயர் ருடிகியர், தம் பேராலய ஆர்கன் கலைஞரான அந்தோன் புருக்னரிடம் ஒரு திருப்பலி இசை கேட்டார். புருக்னர் 1866-இல் அதை எழுதினார். 1869 செப்டம்பர் 29-ஆம் நாள் திறந்த வெளியில், கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த இடத்திலேயே, அது பாடப்பட்டது. எட்டுப் பிரிவாகப் பாடும் குழுவோடு அவர் சேர்த்தவை பதினைந்து ஊதுகருவிகள் மட்டுமே. வயலின் ஒன்றுகூட இல்லை. வானத்தின் கீழே, மண்மேட்டின் நடுவே, மனித மூச்சே அன்று ஆர்கனாயிற்று.

நம் தமிழ் மண்ணுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. நமக்கு வெகு தொலைவில் இல்லாத மணலியில் இளமையில் வாழ்ந்த முத்துசுவாமி தீட்சிதர், புனித ஜார்ஜ் கோட்டையின் ஐரோப்பியப் பாண்டு வாத்தியத்தைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு வடமொழிச் சொற்களை அமைத்தார். அவையே 'நோட்டுசுவர சாகித்தியங்கள்' எனப்படுகின்றன. தஞ்சையில் இரண்டாம் சரபோசி மன்னர் ஐரோப்பியக் கருவிகளைத் தம் அரண்மனைக்குக் கொண்டுவந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிளாரினெட், சதிராட்டத்தின் பக்க வாத்தியமாக நம் மேளத்துக்குள் புகுந்தது. வெளிநாட்டுக் கருவியில் கமகம் வராது என்று ஒதுக்கியவர்கள் இருந்தார்கள். ஏ. கே. சி. நடராசன் அவர்கள் அதே கருவியில் இராகங்களை நாகசுரத்துக்கு இணையாகப் பாடவைத்து, 2008-இல் சென்னை இசைப்பேரவையின் சங்கீத கலாநிதி விருதும் பெற்றார். மூச்சுக்கு நாடு இல்லை, மொழி இல்லை.

பெரிய மேளத்தைக் கவனித்திருக்கிறீர்களா? நாகசுரக்காரரையும் தவில்காரரையும் எல்லாரும் பார்ப்பார்கள். அவர்கள் பின்னால் 'ஒத்து' என்னும் குழலை ஏந்தி ஒருவர் நிற்பார். அவர் இராகம் பாடுவதில்லை. ஒரே சுரம். கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டு, மூக்கால் மூச்சிழுத்து, அறுபடாமல் அந்த ஒரே சுருதியைக் காப்பார். இன்று பெரும்பாலும் அவர் இடத்தில் சுருதிப் பெட்டி வந்துவிட்டது. அது தவறாது, களைப்படையாது, சம்பளம் கேட்காது. ஒத்துக்காரரின் மகன் வேறு வேலைக்குப் போய்விட்டான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. வயிற்றுப்பாடு எல்லாருக்கும் உண்டு. ஆனால் நாம் எதை எதற்குப் பதிலாக வைக்கிறோம் என்பதைத் தெரிந்து வைக்க வேண்டாமா?

நான் தெரிந்து வைக்கவில்லை. அதுதான் என் பிழை. திருவிழாக் கணக்கில் 'பாண்டு வாத்தியம்' என்று ஒரு வரியும், அதற்கு எதிரே ஒரு தொகையும் இருந்தன. ஒலிபெருக்கி வண்டிக்கு அதைவிடக் குறைந்த தொகை. குறைந்ததைத் தேர்ந்தேன். அந்த வரிக்குப் பின்னால் ஐந்து மனிதர்கள் இருந்தார்கள்; முப்பது ஆண்டுக் கால்நடை இருந்தது; தேருக்கு முன்னே மூச்சு வாங்க வாங்க வாசித்த செபம் இருந்தது. ஒலிபெருக்கி தேரைவிடச் சத்தமாக ஒலிக்கும். ஆனால் அது தேரைத் திரும்பிப் பார்க்காது. ஊதுகிற மனிதர், சந்து திரும்பும்போது தேர் சிக்கிக்கொண்டால் நின்று வாசிப்பார். நோயாளி இருக்கும் வீட்டருகே குரலைத் தாழ்த்துவார். சென்ற ஆண்டு சாவு நிகழ்ந்த ஒரு வீட்டைக் கடக்கும்போது, யாரும் சொல்லாமலே அவர் குழலை இறக்கிக்கொண்டதை நான் என் கண்ணால் கண்டேன். கண்டும் மறந்தேன்.

மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் அவர் வீட்டுக்கு நானே போனேன். "ஐயா, நேற்று 'பார்ப்போம்' என்று சொன்னது தவறு. மறைக்கல்வி அறை ஞாயிறு பதினொரு மணி முதல் உங்களுக்கு" என்றேன். அவர் உடனே மகிழ்ந்துவிடவில்லை. "பிள்ளைகள் வருவார்களா, சாமி?" என்றார். அதுதான் கேள்வி. அறை கொடுப்பது எனக்கு எளிது. பிள்ளையைக் கொடுப்பது உங்கள் கையில் இருக்கிறது.

திருவிழாக் குழுவிடமும் பேசினேன். சிலர் வருத்தப்பட்டார்கள், முடிவெடுத்தபின் மாற்றுவது முறையா என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதும் நியாயமே. முதலில் சிந்திக்காமல் கையொப்பமிட்டதற்காக அவர்களிடமும் மன்னிப்புக் கேட்டேன். நீண்ட பேச்சுக்குப்பின் ஒரு வழி பிறந்தது. வண்டி செபமாலைக்கும் அறிவிப்புகளுக்கும் இருக்கட்டும்; தேருக்கு நேர் முன்னால் அந்த ஐவர் நடக்கட்டும்; பெரியவர் முழுத்தூரமும் நடக்க வேண்டாம், கோயில் வாயிலிலிருந்து முதல் திருப்பம் வரை அவர் வாசித்தால் போதும். மிகுதிச் செலவுக்கு இரண்டு அன்பியங்கள் பொறுப்பேற்றன. எல்லாருக்கும் முழு நிறைவு இல்லை. ஆனால் எல்லாரும் சற்றுக் குரல் தாழ்த்தினார்கள்.

இதுவரை அந்த அறைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் மூவர். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் சிறுவன் ஒருவன்; இரு சிறுமியர். பெண் பிள்ளைகள் ஊதலாமா என்று ஒரு பாட்டி கேட்டாராம். "மூச்சு இருக்கிறவர்கள் எல்லாரும் ஊதலாம்" என்று பெரியவர் பதில் சொன்னாராம். முதல் இரண்டு வாரங்கள் அவர்களுக்குக் குழலே தரவில்லை. கையை வயிற்றில் வைத்து மூச்சை எண்ணச் சொல்லிக்கொடுத்தார். மூன்றாம் வாரம் ஒரே ஒரு சுரம். அது சுரமாக வரவில்லை. வாத்து கத்துவது போலிருந்தது. சிரித்தார்கள். அவரும் சிரித்து, சிரித்தது இருமலாகி, சற்று நேரம் சுவரில் சாய்ந்து நின்றார். சாளரத்தின் வெளியே நின்றிருந்த நான் அப்பால் போய்விட்டேன்.

குடும்பத்தாரே, குனோவைப் பற்றி இறுதியாக ஒன்று. அவருடைய அடக்கத் திருப்பலி 1893 அக்டோபரில் பாரிசு மதலேன் ஆலயத்தில் அரசு மரியாதையோடு நடந்தது. பெருமைமிக்க வாத்தியக் குழுக்கள் எல்லாம் அவருக்காகக் காத்திருந்தன. ஆனால் ஆர்கனும் வேண்டாம், வாத்தியங்களும் வேண்டாம், மனிதக் குரல் மட்டும் போதும் என்பது அவர் விருப்பம், அவ்வாறே நடந்தது. ஆயிரம் கருவிகளுக்கு எழுதியவர் கடைசியில் கேட்டதும் மூச்சைத்தான்.

களிமண்ணில் ஊதப்பட்ட மூச்சினால் நாம் மனிதரானோம் என்பது நம் நம்பிக்கை. கதவடைத்திருந்த சீடர்மேல் ஆண்டவர் ஊதியதும் மூச்சே. அந்த மூச்சு நம் ஒவ்வொருவருக்கும் அளவோடுதான் தரப்பட்டிருக்கிறது. அது தீருமுன் யாருக்குக் கொடுத்துவிட்டுப் போகிறோம்? உங்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் இருப்பார். பாட்டோ, பக்குவமோ, பனையோலை முடைவதோ, பழைய செபமோ, ஏதோ ஒன்று அவரிடம் இருக்கும். 'பார்ப்போம்' என்று நீங்கள் சொல்லிவிட்டீர்களா? மறுநாள் காலையே போய் அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

ஞாயிறு பதினொரு மணி. மறைக்கல்வி அறை. இன்னும் ஆறு இருக்கைகள் காலியாக உள்ளன.

ஆண்டவர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.

அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை,
கள்ளிக்குப்பம்